தொண்டை சரியில்லை

மட்டாஞ்சேரி
12-1-1980

அன்புள்ள சைபுதீன் அண்ணனுக்கு, தங்கை சகீலா ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே அல்லாஹ் கிருபையால் எல்லோரும் சுகம். மதினியின் மூட்டு வலி எப்படி இருக்கிறது? பிள்ளைகள் இன்னமும் சோற்றைக் கண்டால் ஓடுகிறார்களா? இங்கே ஒரு குறையும் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்று வந்துவிட்டது.

ஜூ டவுனில் மிளகுக் கிட்டங்கிக்கு மேலே இருந்த நம் பாட்டு கிளப்பைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். கட்டடம் கைமாறிவிட்டது. புது முதலாளிக்குச் சுக்கு மூட்டை அடுக்க மாடி வேண்டுமாம். ராசப்பன் அண்ணனை நினைவிருக்கிறதா, வெலிங்டன் தீவில் மூட்டை தூக்குகிறவர்? "நான் பாடின எடத்துல இனி நானே போய்ச் சுக்குச் சாக்கு எறக்கணுமா?" என்று கேட்டுவிட்டுச் சாயாகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஹார்மோனியமும் தபேலாவும் இப்போது என் கட்டிலுக்கு அடியில். உங்கள் மச்சானைப் பற்றி என்ன எழுத! முன்பெல்லாம் தட்டு, பலகை, ஜன்னல் என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் தாளம் போடுவார். நான் திட்டுவேன். இப்போது கிட்டங்கியில் மிளகு தரம் பிரித்துவிட்டு வருகிறார், கை கழுவுகிறார், கப்பைக் கிழங்கும் மீனும் சாப்பிடுகிறார், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார். திட்ட ஒன்றும் கிடைக்காமல் எனக்கு வாய் நமநமக்கிறது. உண்மையைச் சொன்னால், பயமாக இருக்கிறது அண்ணே. நாற்பது வயதில் ஒரு மனிதர் இப்படி அடங்கிப்போகக் கூடாது.

நீங்கள் பொள்ளாச்சி நகராட்சியில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறீர்களே, இதற்கு ஒரு வழி சொல்லக் கூடாதா? அதைவிட நேரில் வந்து சொன்னால் இன்னும் நல்லது. அத்தாவின் மையத்து அடக்கத்துக்கு வந்தவர் அன்றைக்கே பஸ் ஏறினீர்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கமே காணோம்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ.
சகீலா


பொள்ளாச்சி
30-1-1980

அன்புத் தங்கை சகீலாவுக்கு, அண்ணன் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம்.

உன் கடிதம் கண்டு வருத்தம். மதினிக்கு மூட்டு வலி அப்படியேதான். பிள்ளைகள் சுகம்.

வழி கேட்டிருக்கிறாய். நகராட்சிக்குள் இருந்து பார்க்கிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பணம் கேட்காதே. பணம் கேட்டால் அதற்குப் பட்ஜெட்டில் தலைப்பு வேண்டும், அனுமதி வேண்டும், பிறகு தணிக்கைக்காரன் வந்து, பாட்டைத் தராசில் நிறுத்துக் காட்டு என்பான். கார்ப்பரேஷனிடம் ஏற்கெனவே இருப்பதைக் கேள். எந்த ஊரிலும் கார்ப்பரேஷன் கட்டடங்களில் பாதி சாயங்காலமானால் தூங்கும். பள்ளிக்கூடம், வாசகசாலை, வரி வசூல் செய்யும் இடம், ஏதாவது ஒன்று இருக்கும். உங்கள் வார்டில் எது தூங்குகிறது என்று பார். அதில் வாரத்துக்கு ஒரு மாலை கேள். இல்லை என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் கிடைக்காது.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கவுன்சிலரைக் காலையில் பார்க்கவும். சாயங்காலம் அவரைச் சுற்றிக் கூட்டம் இருக்கும்.

நான் வருவதற்கு இல்லை. முதுகு வலி. பஸ்ஸில் உட்கார முடியாது.

துஆவுடன்,
சைபுதீன்


மட்டாஞ்சேரி
26-2-1980

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். முதுகுக்கு என்ன தைலம் போடுகிறீர்கள்? எழுதினால் இங்கிருந்து நல்லதாக வாங்கி அனுப்புகிறேன். பஸ்ஸில் உட்கார முடியாதவர் ஆபீஸ் நாற்காலியில் எப்படி உட்காருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தின் பழைய ஹால் ஒன்று வருஷக்கணக்காகத் தூங்குகிறது. மனுவை மலையாளத்தில் என் மகள் எழுதிக்கொடுத்தாள். தமிழில் எழுதச் சொன்னால் அவளுக்குக் கை வலிக்கும். கவுன்சிலர் பெயர் வெங்கிடராமன். எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், கச்சேரி என்றால் உயிர். மனுவைப் படித்ததும் மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம வார்டுல இத்தனை பாடகர்களா? நான் கவனிக்காமப் போயிட்டேனே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம்தான் எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது. நான் கேட்டது சாவி. அவர் மேடை போடுகிறேன் என்கிறார். மைக் வைக்கிறாராம், பேசுவதற்கு ஆள் வைக்கிறாராம், பாடுகிறவர்களுக்குப் பொன்னாடையாம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ரோடு வேலை எடுத்திருக்கும் காண்டிராக்டர் மழைக்கு முன்னால் அதே ஹாலை சிமெண்டு மூட்டை அடுக்கக் கேட்டிருக்கிறார். நிகழ்ச்சி நன்றாக நடந்தால் வெள்ளிக்கிழமைதோறும் மாலை நமக்கு. இல்லாவிட்டால் சிமெண்டுக்கு. சுக்கிடம் தோற்றோம், சிமெண்டிடமும் தோற்றால் உங்கள் மச்சான் எழுந்திருக்க மாட்டார்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி சனிக்கிழமை நிகழ்ச்சி. உங்கள் மச்சான் தபேலாவுக்கு வார் இழுத்துக் கட்டிவிட்டார். நேற்று ராத்திரிச் சோற்றுத் தட்டில் ஒரு தட்டு தட்டினார். நான் திட்டாமல் விட்டேன். நீங்கள் கட்டாயம் வர வேண்டும், பாட வேண்டும். உங்கள் குரலைக் கேட்டு எத்தனை வருஷம்!

சகீலா


பொள்ளாச்சி
14-3-1980

அன்புத் தங்கைக்கு, எல்லோரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

ஹால் கிடைக்கும் என்ற செய்தி நிம்மதியாக இருந்தது. மேடை, மைக் என்று படித்ததும் அந்த நிம்மதி கொஞ்சம் குறைந்தது. பேசுவதற்கு ஆள் எதற்கு? மாடியில் யாராவது பேசினார்களா? இருந்தாலும் நல்ல மனதோடு செய்கிற கவுன்சிலர் கிடைப்பது அபூர்வம். அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

மார்ச் மாதம் எங்களுக்குக் கணக்கு முடிக்கும் மாதம். லீவு கிடைக்காது. ஏப்ரல் தொடக்கத்திலும் அந்த வேலை இழுக்கும். மேலும் எனக்குத் தொண்டை முன்போல இல்லை. இங்கே பாடுவதும் இல்லை. வேறு ஆளா இல்லை உங்களுக்கு?

சைபுதீன்


மட்டாஞ்சேரி
8-4-1980

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். வீட்டில் எல்லோரும் உடம்புக்குச் சுகம். மனசுக்குத்தான் சுகமில்லை.

சனிக்கிழமை நடந்ததை எழுதினால் சிரிப்பீர்கள். நானும் நாளைக்குச் சிரிப்பேன், இன்றைக்கு முடியவில்லை. ஹால் நிறைய ஜனம். நாங்கள் பெண்களே நாற்பது பேர் இருந்திருப்போம். மாடியில் எங்களுக்கு ஏணிப்படிவரைதானே அனுமதி? பள்ளிக்கூடம் என்பதால் எல்லோரும் துணிந்து வந்து உட்கார்ந்தோம். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

சாமி தனக்குத் தெரிந்தவர் ஒருவரை மைக்கில் பேச அழைத்து வந்திருந்தார். கல்யாண வீடுகளில் பேசுகிறவர், நல்ல கணீர்க் குரல். "அடுத்ததாக, திரு ராசப்பன் அவர்கள்!" என்று கூப்பிட்டார். நம் ராசப்பன் அண்ணன் கூச்சப்பட்டு, கையை ஆட்டி, "தொண்டை சரியில்ல" என்றார். மாடியில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தானே சொல்வார்கள்? கேட்டவுடன் பாடினால் அல்பம் என்று நினைத்துவிடுவார்களே! இன்னொரு தடவை கேட்க வேண்டும், அப்புறம் ஹார்மோனியத்தை அவர் பக்கம் நகர்த்த வேண்டும், பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டு.

மைக்கில் பேசியவருக்கு இது எங்கே தெரியும்? "ராசப்பன் அவர்களுக்கு உடல்நலம் சரியில்லையாம், விரைவில் குணமடைய வாழ்த்துவோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அடுத்தது ஹோட்டலில் பரோட்டா போடும் வீரபாண்டி. அவனும் தொண்டை சரியில்லை என்றான். கடைசிவரை அதே கதைதான். மட்டாஞ்சேரியில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் தொண்டை கெட்டுப்போனது! உங்கள் மச்சான் தபேலாவை மடியில் வைத்துக்கொண்டு, தட்டுவதற்குப் பாட்டு வராமல் அப்படியே இருந்தார். பொழுது சாய்வதற்குள் பொன்னாடை எல்லாம் மடித்தபடியே திரும்பிப் போயின.

வெளியே வந்ததும் ராசப்பன் அண்ணனிடம், நீங்களாவது எழுந்து போய்ப் பாடியிருக்கக் கூடாதா என்று சண்டை போட்டேன். "அவன் பின்ன விளிக்கவே இல்லியே! இல்லன்னு சொன்னவன் தானா எழுந்து போனா நாளைக்கு முகத்துல முழிக்கலாமா?" என்றார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

சாமிக்கு உண்மையாகவே வருத்தம். "பாட ஆளே இல்லையேம்மா, நான் கவுன்சில்ல என்ன சொல்லுவேன்?" என்றார். மே மாதக் கூட்டத்தில் ஹாலை சிமெண்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் மச்சான் மறுபடியும் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நீங்கள் ஒரு தடவை வந்துவிட்டுப் போகக் கூடாதா?

சகீலா


பொள்ளாச்சி
11-4-1980

சகீலா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. ஆபீஸில் இருந்தபடியே எழுதுகிறேன். மதினி சுகம். மற்ற விசாரிப்பு எல்லாம் அடுத்த கடிதத்தில்.

சாமி மேல் கோபப்படாதே. எங்களைப் போன்றவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு பழகியவர்கள். ஒருவன் இல்லை என்றால் இல்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். கலையை வளர்க்கிறோம் என்று நாங்கள் கிளம்பினால் முதலில் நாற்காலி வாங்குவோம், பிறகு முன் நாற்காலியில் யார் உட்காருவது என்று சண்டை போடுவோம். பாடுகிறவன் எங்கே உட்காருவான், எப்படிப் பாடுவான் என்று யாரும் கேட்க மாட்டோம். கார்ப்பரேஷன் கொடுக்க வேண்டியது சாவி, பாய், நல்ல வெளிச்சம். கொடுத்துவிட்டுத் தானும் ஒரு மூலையில் கேட்க உட்கார்ந்தால் போதும்.

இதைச் சாமியிடம் வாயால் சொல்லாதே, புரியாது. அவரை வீட்டுக்குக் கூப்பிடு. பாயில் உட்கார வை. மைக் வேண்டாம், மற்றதைப் பாட்டு பார்த்துக்கொள்ளும். கூட்டத்துக்கு முன்னால் நடக்கட்டும்.

ஒரே தடவை கேட்டுவிட்டு ஹார்மோனியத்தை அடுத்தவன் பக்கம் நகர்த்திவிட்டால், பாட வேண்டும் என்று மனசுக்குள் ராகம் பிடித்து வைத்திருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ராசப்பன் அண்ணனிடம் ஸலாம் சொல்.

சைபுதீன்


மட்டாஞ்சேரி
6-5-1980

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம், நிஜமாகவே சுகம். மதினிக்குக் குழம்புப் புளி கொஞ்சம் கட்டி வைத்திருக்கிறேன். கொண்டுவர ஆள்தான் இல்லை.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டு முன் அறையில் பாய் விரித்தோம். சாமி வந்தார். நாற்காலியைத் தேடினார், கிடைக்காததால் பாயில் உட்கார்ந்தார். ராசப்பன் அண்ணன் தொண்டை சரியில்லை என்றார். உங்கள் மச்சான் விடவில்லை. பாட்டு தொடங்கியதும் சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு வீரபாண்டி. அதற்கும் பிறகு காய்கறி விற்கும் மூக்கம்மாள். நாங்கள் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்த பிறகு அவள் பாடியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம்தான் வேடிக்கை. இவர் பழக்கதோஷத்தில் ஹார்மோனியத்தைச் சாமி பக்கம் நகர்த்திவிட்டார். சாமி பதறிப்போய், "அய்யய்யோ, நேக்கு இன்னிக்குத் தொண்டை சரியா இல்லியே!" என்றார்.

"அதொக்க சரியாவும் சாமி, ஒண்ணு மதி" என்று ஒரே ஒரு பாட்டுக்கு மன்றாடினார் ராசப்பன் அண்ணன்.

"சாதகம் விட்டுப்போயி எத்தனை வருஷமாறது..."

மூக்கம்மாள் சும்மா இருப்பாளா? "கத்தரிக்கா விக்கிறவ நானே பாடிட்டேன், உமக்கு என்ன சாமி வெக்கம்?" என்றாள்.

சாமி கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நல்ல சாரீரம் அண்ணே. பாடி முடித்ததும் ஹார்மோனியத்தை ராசப்பன் அண்ணன் பக்கமே திருப்பி நகர்த்தினார். அப்புறம் மெல்ல, "அன்னிக்கு ஹால்ல... எல்லாரும் பாடத் தயாராத்தான் இருந்தாளா?" என்று கேட்டார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் மேடை போட்டேன், நீங்க பாய் போட்டிருக்கேள். அவ்வளவுதான் விஷயம்" என்றார். கூட்டம் இந்த மாதக் கடைசியில். நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். இவர் தட்டில் போடும் தாளத்துக்கு மறுபடியும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் போன கடிதத்தின் கடைசிப் பத்தியை இவருக்குப் படித்துக் காட்டினேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் கல்யாணம் முடிந்த புதிதில் ஒரு சாயங்காலம், புது மாப்பிள்ளை என்ற மரியாதைக்கு, பாடச் சொல்லிக் கேட்கும் வேலையை மாடியில் இவரிடம் கொடுத்திருந்தார்களாம். நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் பாட்டு வரும் வரும் என்று காத்திருந்தேன், வேறு யாரோ பாடினார்கள். அடுத்த மாதம் நீங்கள் பொள்ளாச்சி வேலைக்குப் போய்விட்டீர்கள். நான் வேலைக்காகப் போனீர்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

சரி. வேறு விசேஷம் இல்லை.

சகீலா


பொள்ளாச்சி
20-5-1980

அன்புத் தங்கைக்கு, ஸலாம்.

இங்கே எல்லோரும் சுகம். மதினி நடக்கிறாள். சாமி பாடிய இடத்தைப் படித்துவிட்டு ஆபீஸில் தனியாகச் சிரித்தேன், பக்கத்து மேஜைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஹால் கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். முடிவு தெரிந்ததும் உடனே எழுது.

பழைய கதையை ஏன் கிளறுகிறாய்? அதெல்லாம் ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எப்போதும் வரச் சொல்லி எழுதுவாய். இந்தத் தடவை அப்படி ஒரு வரியும் இல்லை. மறந்துவிட்டாய் போலிருக்கிறது. சும்மாதான் கேட்டேன்.

முதுகு இப்போது பரவாயில்லை.

சைபுதீன்


மட்டாஞ்சேரி
3-6-1980

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் அவர்களுக்கு, அமீருதீன் ஸலாம் கூறி எழுதுவது. தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க நாயனை வேண்டுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுக்கவும்.

ஹால் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம். சாவி என்னிடம். சாமி கவுன்சிலில் பேசிப் பாய்களும் ஒரு மின்விசிறியும் வாங்கித் தந்தார். மேடை இல்லை, மைக் இல்லை. பள்ளிக்கூடத்து முடுக்குச் சந்தில் அணைந்து கிடந்த விளக்கும் இப்போது எரிகிறது. வீட்டுக்குத் திரும்பும் பெண்களுக்கு வசதி. மூக்கம்மாள் எல்லாவற்றையும்விட அந்த விளக்குக்குத்தான் சந்தோஷப்பட்டாள். சிமெண்டுக்கு வேறு கொட்டகை பார்த்துவிட்டார்கள்.

மச்சான், நான் பேட்டையிலிருந்து இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவன். எங்கள் ஊரில் ஒருவர் தொண்டை சரியில்லை என்றால் சுக்குத் தண்ணி கொடுத்துச் சும்மா இருக்கச் சொல்வோம். அன்றைக்குத் தாங்கள் சொன்னதும் தங்களுக்கு நிஜமாகவே முடியவில்லை என்று நினைத்து, தொந்தரவு பண்ணக் கூடாதே என்றுதான் அடுத்தவர் பக்கம் நகர்த்தினேன். இந்த ஊர் வழக்கம் எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆனது. அதற்குள் தாங்கள் போய்விட்டீர்கள். வருத்தம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சகீலா படித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது.

அன்றைக்கு ஒரு தடவை கேட்டேன். மிச்சத்தை இப்போது கேட்கிறேன். ஒண்ணு பாடுங்க மச்சான்.

அமீருதீன்

அண்ணே, நான் வேண்டுமென்றேதான் போன தடவை கூப்பிடவில்லை. இத்தனை தடவை மறுத்தவர், கூப்பிடாமல் விட்டால் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று இருந்தேன். பார்த்துவிட்டேன். வாங்கண்ணே. புளி கெட்டுப்போகிறது. சகீலா.

பக்கத்திலிருந்து சாமி சொல்லச் சொன்னது: வார்டு கவுன்சிலரும் கேட்டுக்கொள்கிறாராம்.


பொள்ளாச்சி
9-6-1980

அன்புள்ள மச்சானுக்கும் தங்கைக்கும், ஸலாம்.

உங்கள் கடிதத்தை மதினிதான் முதலில் பிரித்துப் படித்தாள். நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் என் சட்டைகளைத் துவைத்துக் காயப் போட்டிருந்தாள். லீவு கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் கேட்காமல் இருந்ததுதான் விஷயம் போலிருக்கிறது.

மச்சான், எனக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று எழுதினால் அது பொய். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அது எங்கே போனது என்று தேடிப் பார்க்கிறேன், காணவில்லை. சுக்குத் தண்ணி என்று படித்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் எறணாகுளம் வந்து போட் ஏறுகிறேன். மழை தொடங்கியிருக்கும். போட் ஜெட்டிக்கு யாரும் வந்து நனைய வேண்டாம். ஹார்மோனியத்தை மட்டும் ஈரம் படாமல் ஹாலுக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

அங்கே வந்து பாயில் உட்கார்ந்ததும் தொண்டை சரியில்லை என்றுதான் சொல்வேன். அது எனக்கு வாயில் வந்துவிடும். விட்டுவிடாதீர்கள்.

உங்கள்
சைபுதீன்